பறவைகள் தனிக்கலைஞர்களாகும் கான்செர்ட்டோ: ரவுத்தவாராவின் ‘காண்டுஸ் ஆர்க்டிகுஸ்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

மேற்கத்தியச் செவ்விசையில் பழக்கம் இல்லாதவர்களும் ஒருமுறை கேட்டுவிட்டு நெடுநாள் மறக்காமல் வைத்திருக்கும் நவீன ஃபின்லாந்துப் படைப்பு ஒன்று உண்டு. எய்னோயுகானி ரவுத்தவாரா (1928–2016) 1972-இல் எழுதிய ‘காண்டுஸ் ஆர்க்டிகுஸ்’ தான் அது. லத்தீன் மொழியில் இப்பெயருக்கு ‘வடதுருவப் பாடல்’ என்று பொருள் கொள்ளலாம். மூன்று பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 18 நிமிடங்கள் ஒலிக்கும். ஆர்கெஸ்ட்ராவின் வாத்தியங்களோடு, காட்டிலும் சதுப்பிலும் பதிவு செய்யப்பட்ட உண்மையான பறவைக் குரல்களும் இதில் கேட்கின்றன.

இந்தப் படைப்பைப் பற்றிப் பலரும் சொல்வது, “பின்னணியில் பறவைகள் கூவ, முன்னால் இனிமையாக வயலின் வாசிப்பார்கள்” என்பதுதான். தூக்கம் வருவதற்கும் மனம் அமைதி பெறுவதற்கும் தொகுக்கப்படும் இயற்கை ஒலிகளோடு சேர்த்து இதை வைத்துவிடுகிறார்கள். கேட்பவர் எதற்காகக் கேட்டாலும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த விவரிப்பு இப்படைப்பின் அடிப்படையையே தலைகீழாக்கிவிடுகிறது. இங்கே பறவைகள்தாம் முன்னணியில் இருக்கின்றன. அவற்றோடு ஒத்துப்போகும் பொறுப்பு முழுவதும் மனிதர்களின் மேல் விழுகிறது. அது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள இசைப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

ஒரு பட்டமளிப்பு விழாவின் இசை

ஃபின்லாந்தின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தெற்கே, கடற்கரையில் அமைந்த நகரம் ஓவுலு. அங்குள்ள பல்கலைக்கழகம் 1958-இல் நிறுவப்பட்டது. அது தன் முதல் முனைவர் பட்டமளிப்பு விழாவுக்கென ஓர் இசைப் படைப்பை எழுதித் தருமாறு ரவுத்தவாராவைக் கேட்டுக்கொண்டது. இத்தகைய விழாக்களுக்குப் பாடகர் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து பாடும் வாழ்த்துப் பாடலை எழுதுவதே வழக்கம். ரவுத்தவாரா பாடகர்களின் இடத்தில் பறவைகளை வைத்தார். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய பகுதிகளிலும், ஓவுலுவுக்குத் தெற்கே உள்ள லிமிங்காவின் சதுப்புநிலங்களிலும் பதிவான குரல்களே அவருடைய பாடகர் குழு ஆயின.

மேடையில் இருப்பதும் பெரிய படை இல்லை. மரத் துளைக்கருவிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு, சில பித்தளைக் குழல்கள், தாளக் கருவிகள், ஹார்ப், செலெஸ்டா என்னும் மணியோசைக் கருவி, வயலின் குடும்பத்துத் தந்தி வாத்தியங்கள் ஆகியவற்றோடு ஓர் ஒலிநாடா. இந்த ஒலிநாடாவும் இசைக்குறிப்பின் ஓர் உறுப்பு. எந்த இடத்தில் அது தொடங்க வேண்டும் என்பதை இசையமைப்பாளரே வகுத்திருக்கிறார்.

‘கான்செர்ட்டோ’ என்ற சொல்லின் பொருள்

இப்படைப்பின் துணைத் தலைப்பு, ‘பறவைகளுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான கான்செர்ட்டோ’. ஒரு தனிக்கலைஞரும் ஒரு பெரிய குழுவும் எதிரெதிரே நின்று உரையாடுவதுபோல் அமைக்கப்படும் இசைவடிவமே கான்செர்ட்டோ. தனிக்கலைஞர் ஒரு சொற்றொடரை வாசிப்பார். குழு அதற்கு விடை சொல்லும். சில இடங்களில் குழு ஒதுங்கி வழிவிடும்.

கூட்டாகச் செய்யும் எந்த வேலையையும் நினைத்துப் பாருங்கள். நாற்று நடும் வரிசையில் ஒருவர் கொஞ்சம் முந்தினால் அடுத்தவர் கையை விரைவுபடுத்துவார். ஒருவர் பின்தங்கினால் மற்றவர் காத்திருப்பார். வயலின் கான்செர்ட்டோவிலும் இதுதான் நடக்கிறது. வயலின் கலைஞர் ஒரு சுரத்தைச் சற்று நீட்டினால், இசை நடத்துநர் அதைக் கவனித்துத் தன் கோலைத் தாழ்த்தாமல் நிறுத்திவைப்பார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் இது கைகூடுகிறது.

பறவை யாரையும் கேட்பதில்லை. அதுவும் ஒலிநாடாவில் பதிவான பறவை, தான் கூவியபடியேதான் கூவும். நடத்துநரின் கோலுக்கு அதனிடம் எந்த மதிப்பும் இல்லை. தாளம் என்பதே அதற்குத் தெரியாது. சீரான தாளத்தில் கட்டுண்ட இசையை அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் எண்ணெயும் தண்ணீரும்போலப் பிரிந்து நிற்கும். அப்படிப் பிரிந்து நிற்கும்போதுதான் பறவைக் குரல் வெறும் பின்னணியாகத் தேய்ந்துபோகிறது. இந்தச் சிக்கலை ரவுத்தவாரா ஒவ்வொரு பகுதியிலும் வேறொரு வழியில் அவிழ்க்கிறார்.

சுருங்கச் சொன்னால்: கான்செர்ட்டோவில் தனிக்கலைஞரும் குழுவும் ஒருவரையொருவர் கேட்பார்கள். இங்கே தனிக்கலைஞர் பறவை. ஆகவே கேட்கும் வேலை குழுவுக்கு மட்டுமே உரியது.

பறவையை இசைக்குள் கொண்டுவந்த பழைய வழிகள்

பறவைக் குரலை இசையில் பயன்படுத்தியது ரவுத்தவாராதான் முதல்முறை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பீத்தோவன் 1808-இல் அரங்கேற்றிய ஆறாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தில், புல்லாங்குழல் இராப்பாடியாகவும் (நைட்டிங்கேல்), ஓபோ என்னும் துளைக்கருவி காடையாகவும், கிளாரினெட் குயிலாகவும் கூவும். இது வாத்தியம் பறவையைப் போலச் செய்யும் வழி. இருபதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான், காட்டுக்கும் வயலுக்கும் போய்ப் பறவைகளின் பாட்டைச் சுரம் சுரமாக எழுதிவந்து வாத்தியங்களுக்குக் கொடுத்தார். பறவைகள் மனித விரல்களுக்கு எட்டாத விரைவிலும் உயரத்திலும் பாடுவதால், எழுதும்போது வேகத்தைக் குறைத்து, சுரங்களைக் கீழே இறக்கவும் செய்தார். இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பீகி 1924-இல் எழுதிய ஓர் ஆர்கெஸ்ட்ராப் படைப்பில், இராப்பாடியின் குரலைக் கிராமபோன் தட்டிலிருந்தே மேடையில் ஒலிக்கவைத்தார்.

ஆகவே பதிவான பறவைக் குரலும் புதிதில்லை. ஆனால் ரெஸ்பீகியின் இராப்பாடி, ஒரு பகுதியின் இறுதியில் சிறிது நேரம் மட்டுமே வந்து, நிலாக்கால இரவு ஒன்றுக்கு நிறம் சேர்க்கிறது. ரவுத்தவாராவின் பறவைகள் மூன்று பகுதிகளிலும் குடியிருக்கின்றன. வாத்தியங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அவையே தீர்மானிக்கின்றன. என் பார்வையில், முக்கியமான வேறுபாடு இதுதான்.

முதல் பகுதி: சதுப்புநிலம்

‘சுவோ’ என்ற ஃபின்னியச் சொல் சதுப்புநிலத்தைக் குறிக்கும். முதல் பகுதியின் பெயர் அதுவே. இரண்டு புல்லாங்குழல்கள் மட்டும் தொடங்குகின்றன. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிப் படரும் கொடிகளைப்போல ஏறி இறங்குகின்றன. பிறகு மற்றத் துளைக்கருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேர, அவற்றுக்கிடையே வசந்தகாலச் சதுப்புப் பறவைகளின் குரல்கள் எழுகின்றன.

இங்கே ரவுத்தவாரா கையாளும் வழி எளிது. புல்லாங்குழலும் பறவையும் காற்றால் ஒலிப்பவை. துளைக்கருவிகளின் சிறுசிறு சொற்றொடர்களும் இடைவெளி விட்டு விட்டு வருவதால், எது மேடையிலிருந்து வருகிறது, எது ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது என்று காது சில கணங்கள் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தில் இரண்டு உலகங்களுக்கும் நடுவிலிருந்த வேலி காணாமல் போகிறது.

அதன் பிறகு தந்தி வாத்தியங்கள் ஓர் அகன்ற, நீண்ட மெட்டோடு நுழைகின்றன. பறவைகள் துண்டு துண்டாகப் பேசிக்கொண்டிருக்க, இந்த மெட்டு மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்துப் போகிறது. காட்டு வெளியில் தனியே நடந்துபோகும் ஒரு மனிதரின் மனநிலையாக இதைக் கொள்ளலாம் என்று இசையமைப்பாளரே விளக்கியிருக்கிறார். நடப்பவரைக் கண்டு பறவைகள் நிறுத்துவதும் இல்லை, அவருக்காகப் பாடுவதும் இல்லை. அவரும் அவற்றை விரட்டாமல், தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறார்.

இசைக்குறிப்பின் தொடக்கத்தில் வாசிப்பவர்களுக்கு ஓர் அறிவுரை எழுதப்பட்டிருக்கிறது: இலையுதிர் காலத்தையும் சைக்கோவ்ஸ்கியையும் நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கோவ்ஸ்கி, உருக்கமான மெட்டுகளுக்குப் பெயர்போன பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய இசையமைப்பாளர். ஒலிநாடாவில் இருப்பதோ வசந்தத்தின் பறவைகள். மனிதரின் மனத்தில் இலை உதிர்ந்துகொண்டிருக்க, வெளியே சதுப்பு விழித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு பருவங்களும் ஒரே நேரத்தில் ஒலிப்பதனால்தான் அந்த மெட்டில் இனிமைக்கு அடியில் ஒரு கசப்பு தட்டுப்படுகிறது. ‘அமைதிக்கான இசை’ என்று கேட்பவர்கள் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இது ‘நவீன இசை’தானா?

சைக்கோவ்ஸ்கியின் பெயரைக் கேட்டதும் பலருக்கு எழும் ஐயம் இது. நவீன ஆர்கெஸ்ட்ரா இசை என்றால் காதைக் குத்தும், மெட்டே இருக்காது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதற்குக் காரணமான முறைகளில் ஒன்று பன்னிரு சுர முறை: ஒரு ஸ்தாயியில் உள்ள பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் அடுக்கி, எந்தச் சுரத்துக்கும் தலைமை தராமல் இசையமைப்பது. ரவுத்தவாரா இம்முறையை நன்கு கற்றவர். 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் அதில் முழுமூச்சாக எழுதியவர். 1955-இல், ஃபின்லாந்தின் புகழ்பெற்ற மூத்த இசையமைப்பாளர் சிபேலியஸ், அமெரிக்காவில் படிப்பதற்கான உதவித்தொகைக்கு ரவுத்தவாராவின் பெயரையே பரிந்துரைத்தார். அவ்வாறு போன இடத்தில் அவர் அக்காலத்துப் புதிய போக்குகள் பலவற்றையும் அறிந்தார்.

பின்னர் அந்தக் கண்டிப்பிலிருந்து விலகி, காது எளிதில் பற்றிக்கொள்ளும் சுரச்சேர்க்கைகளுக்கு அவர் திரும்பினார். திரும்பும்போது கற்றதை எறிந்துவிடவில்லை. இப்படைப்பில் மெட்டு பழைய உலகைச் சேர்ந்தது. நேரத்தையும் ஒலிப்பதிவையும் கையாளும் விதம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கே உரியது. எனவே இதை நவீன இசை என்று அழைப்பது பொருத்தமே. அடுத்த இரு பகுதிகளைக் கேட்டால் அதில் ஐயம் இருக்காது.

இரண்டாம் பகுதி: வேகம் குறைந்த வானம்பாடி

‘துயரம்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட இரண்டாம் பகுதியின் தனிக்கலைஞர், வடக்கின் மரமற்ற மேடுகளில் வாழும் கொம்பு வானம்பாடி. தலையில் இரண்டு சிறு கொம்புகள்போல் இறகுகள் நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு இந்தப் பெயர். அதன் இயல்பான குரல், மணிகளைச் சிதறவிட்டதுபோல் மெல்லியதும் விரைவானதும் ஆகும். ஆனால் இப்படைப்பில் அப்படி ஒரு குரலைக் கேட்க முடியாது. கேட்பதெல்லாம் ஆழமான, மெதுவான, இன்ன உயிரென்று சொல்ல முடியாத ஓர் அழைப்பு. குரலை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கி, வானம்பாடியை ஓர் ‘ஆவிப்பறவை’ ஆக்கிவிட்டதாக ரவுத்தவாரா விளக்கினார்.

இது எப்படி நிகழ்கிறது என்பதைக் கேசட் காலத்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீர்ந்துகொண்டு வரும்போது, பாட்டு இழுத்து இழுத்துப் போவதோடு பாடகியின் குரலும் கட்டைக்குரலாக மாறும். நாடா மெதுவாக ஓடினால் நேரம் நீள்கிறது, குரலும் தாழ்கிறது. பழைய நாடாக்களில் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது.

கணக்கும் எளிதே. ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பதுதான் குரலின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்தாயி என்பது அந்த எண்ணிக்கை சரிபாதியாகவோ இருமடங்காகவோ ஆகும் தொலைவு. கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம்வரை ஒரு ஸ்தாயி. நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி இறங்கும். கால் வேகத்தில் ஓட்டினால் இரண்டு. நொடிக்கு 4,000 முறை அதிரும் கீச்சொலி 1,000 ஆகிவிடும். அதே நேரத்தில் ஒரு நொடியில் முடிய வேண்டிய கூவல் நான்கு நொடிகளுக்கு நீளும்.

இதனால் இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்கின்றன. முதலாவது, மனித விரல்களுக்கும் காதுக்கும் பிடிபடாத விரைவில் ஓடிய பாட்டு, நெளிவு சுளிவுகளோடு கேட்கக்கூடியதாகிறது. வெறும் கீச்சென்று நினைத்ததற்குள் ஏற்றமும் இறக்கமும் நெளிவும் கமகமும்போல எத்தனையோ இருப்பதை அறிந்து வியக்கிறோம். இரண்டாவது, பறவை தன் உயரத்திலிருந்து இறங்கி, மனிதக் குரலும் வயலினும் வாழும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. இப்போது தந்தி வாத்தியங்கள் மெதுவான, அடக்கமான இசையோடு அதன் அருகில் நிற்க முடிகிறது. அவை நடக்கும் நடையும் அது கூவும் நடையும் ஏறக்குறைய ஒன்றே. மெஸ்ஸியான் காகிதத்தில் செய்ததை ரவுத்தவாரா நாடாவில் செய்தார். காகிதத்துக்கு வரும்போது பறவையின் தொண்டை போய் வாத்தியத்தின் தொண்டை வந்துவிடும். நாடாவிலோ அதே தொண்டைதான் எஞ்சுகிறது, நேரம் மட்டும் மாறியிருக்கிறது. இந்தப் பகுதியை அச்சம் தருவதாகச் சிலர் உணர்வதற்கும் அதுவே காரணம்: உயிருள்ள ஒன்றின் குரல் என்று காது உறுதியாக அறிகிறது, எந்த உயிர் என்று அதனால் சொல்ல முடிவதில்லை.

இதுவரை கண்டவை: முதல் பகுதியில் வாத்தியங்கள் பறவையின் ஒலிநிறத்தை நெருங்கிச் சென்றன. இரண்டாம் பகுதியில் பறவையின் நேரமே நீட்டப்பட்டு, அது வாத்தியங்களை நோக்கி வந்தது. மூன்றாம் பகுதியில் இந்த இரண்டுமே இல்லை.

மூன்றாம் பகுதி: அன்னங்கள் இடம்பெயர்கின்றன

ஊப்பர் அன்னத்துக்கு ஃபின்னிய மொழியில் ‘பாடும் அன்னம்’ என்றே பெயர். வெண்மையும் மஞ்சள் அலகும் கொண்ட அப்பறவையின் குரல் பாட்டைவிட எக்காளத்துக்கே அருகில் இருக்கும். வேட்டையால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஃபின்லாந்தில் ஏறக்குறைய அழிந்துபோகும் நிலைக்கு வந்து, பாதுகாப்பினால் மெல்ல மீண்ட இனம் இது. 1981-இல் அது நாட்டின் தேசியப் பறவை ஆனது. 1972-இல் அரங்கில் அமர்ந்து இக்குரலைக் கேட்ட ஃபின்னியர்களுக்கு, இழந்துவிடுவோம் என்று அஞ்சிய ஒன்றின் குரலாகவும் அது ஒலித்திருக்கும்.

சிபேலியஸுக்கும் இப்பறவையோடு ஒரு தொடர்பு உண்டு. 1915 ஏப்ரலில் 16 அன்னங்கள் தன் தலைக்கு மேலே வட்டமிட்டுப் பறந்துபோனதைக் கண்டு நெகிழ்ந்த அவர், அதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஐந்தாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் ஹார்ன்கள் ஊஞ்சலாடுவதுபோல் வாசிக்கும் புகழ்பெற்ற மெட்டு அந்தக் காட்சியோடு சேர்ந்தது. சிபேலியஸ் அன்னங்களை ஹார்ன்களாக மாற்றினார். ரவுத்தவாரா அன்னங்களை அன்னங்களாகவே விட்டுவிட்டு, ஆர்கெஸ்ட்ராவை அன்னக்கூட்டம்போல் நடந்துகொள்ளச் செய்தார்.

கூட்டமாகப் பறக்கும் பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே திசையில் போகின்றன. ஆனால் இரண்டு பறவைகளின் சிறகுகள் ஒரே கணத்தில் அடிப்பதில்லை. ஓட்டுக் கூரையில் விழும் மழையும் அப்படித்தான். ஒவ்வொரு துளியும் தன் கணக்கில் விழ, மொத்தத்தில் மழை வலுக்கிறது, ஓய்கிறது. மூன்றாம் பகுதியின் இயக்கம் இதுவே. ஆர்கெஸ்ட்ரா நான்கு தனித்தனிக் குழுக்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு குழுவும் தனக்கு எழுதப்பட்ட சுரங்களை வாசிக்கிறது. ஆனால் ஒரு குழுவின் இந்தச் சுரமும் மற்றொரு குழுவின் அந்தச் சுரமும் சரியாக ஒரே கணத்தில் சந்திக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லா இடங்களிலும் இல்லை. இதற்கு அலியட்டோரிக் முறை என்று பெயர்: இசையின் சில கூறுகளை, இங்கே குழுக்கள் சந்திக்கும் துல்லியமான கணத்தை, இசையமைப்பாளர் தற்செயலுக்கு விட்டுவிடுவது.

இந்தச் சொல்லைக் கேட்டதும் “ஆளுக்கொன்றை மனம்போல் வாசிப்பார்கள் போலும்” என்று எண்ணுவது பரவலான பிழை. வாசிக்கும் சுரங்களும், நுழையும் ஒழுங்கும், இசை வளரும் திசையும் எழுதப்பட்டவையே. தளர்த்தப்படுவது நேரத்தின் இறுக்கம் மட்டும். போலந்தின் விட்டோல்ட் லுட்டோஸ்லாவ்ஸ்கி 1960-களின் தொடக்கத்திலேயே இத்தகைய வரம்புக்குட்பட்ட சுதந்திரத்தைத் தன் ஆர்கெஸ்ட்ரா இசையில் கையாண்டிருந்தார். இரண்டு முறை நிகழ்த்தினால் நுணுக்கங்கள் மாறும். படைப்பு அதேதான் என்பதை எவரும் அறிவர்.

நாம் தொடக்கத்தில் கண்ட சிக்கல் இங்கேதான் முழுமையாக அவிழ்கிறது. பறவைக்குத் தாளம் இல்லை என்பதுதானே தொல்லையாக இருந்தது? வாத்தியங்களும் பொதுவான ஒற்றைத் தாளத்தைக் கைவிட்டபின், அன்னக்குரல் எந்தக் கணத்தில் வந்தாலும் அது பொருந்திவிடுகிறது. தவறான இடம் என்று ஒன்று இல்லாமல் போகிறது. அன்னங்களின் குரல்கள் ஒலிநாடாவில் பெருகப் பெருக, மேடையின் நான்கு குழுக்களும் அடர்ந்துகொண்டே போகின்றன. பகுதி முழுவதும் ஒரே நீண்ட ஏற்றமாக, அதாவது ஒலி மெல்ல மெல்ல வலுத்துக்கொண்டே போகும் கிரெஷெண்டோவாக அமைந்திருக்கிறது. உச்சத்தில் எது குழல், எது கழுத்து நீண்ட பறவை என்று பிரித்தறிய முயல்வதை நான் எப்போதும் பாதியிலேயே விட்டுவிடுகிறேன். முயற்சி தேவையில்லை என்பதை அந்த ஒலியே சொல்லிவிடுகிறது.

முதன்முறை கேட்பவர்கள் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியைத் தவிர்ப்பது நல்லது. ஆவிப்பறவைக்கு அடியில் ஓடும் தந்தி வாத்தியங்களின் ஆழமும், இந்த இறுதி ஏற்றத்தின் அடர்த்தியும் அதில் பாதிக்கு மேல் தொலைந்துவிடும். நல்ல ஹெட்ஃபோன் போதும். மூன்றாம் பகுதி தொடங்கும்போது ஒலியளவை ஒருமுறை அமைத்துக்கொண்டு, பிறகு தொடாமல் விட்டுவிடுங்கள்.

ஏனென்றால் முடிவு அந்த அளவை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. உச்சத்துக்குப் பிறகு மற்ற ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளில் வரும் இறுதி முழக்கம் இங்கே வருவதில்லை. அன்னக்கூட்டம் தொலைவுக்குப் போகிறது. ஒலிநாடாவும் வாத்தியங்களும் சேர்ந்தே மெலிகின்றன. நான்கு குழுக்களின் அடர்த்தி கலைந்து, ஒவ்வொரு இழையாக விடுபடுகிறது. கேட்பவர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டே போக, கடைசிக் குரல் எந்தக் கணத்தில் நின்றது என்று தெரியாமலே அது நின்றுபோயிருக்கிறது.